கிழங்குக்கடை சாரும் நாங்கள் இரண்டு பேரும்

ஜூன் 17, செவ்வாய்

காலையிலிருந்து மழை. கிழங்கு இரண்டு அண்டா வெந்தது. கடைக்கு ரோபோ வந்தது.

ஆள் மாதிரித்தான் இருக்கிறது. தலை உண்டு, இரண்டு கை உண்டு, நீலமாக இரண்டு கண் உண்டு. இடுப்புக்குக் கீழே பாவாடை கட்டினது போல ஒரு கூடு, அதற்கு அடியில் சக்கரம். கையில் தட்டு. முதலாளி ஜெயச்சந்திரன் அண்ணனின் தங்கை மகன் சஜின், திருவனந்தபுரத்தில் இந்தச் சாமான்களை வாடகைக்கு விடுகிற கம்பெனியில் இருக்கிறான். மூன்று மாதத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். குன்னத்துகாலில் கிழங்கும் மீன்கறியும் தின்ன வருகிறவர்களுக்கு இனி இதுதான் பரிமாறுமாம்.

"ஓமனக்கா, என்னவாவது பேசிப் பாருங்க" என்றான் சஜின்.

கிட்டப் போய், "எலே மக்கா, உனக்குப் பெண்ணு பாக்கணுமா?" என்றேன்.

அது கண்ணைச் சிமிட்டியது. "வணக்கம். தங்களுக்கு என்ன வேண்டும்? கிழங்கு, அப்பம், மத்திக் கறி, நெத்திலி அவியல் உள்ளன."

வாத்தியார் பேசுகிற தமிழ். நான் நாலாம் வகுப்போடு நின்றதே அந்தத் தமிழுக்குப் பயந்துதான்.

கடையே சிரித்தது. மரியம்மா மட்டும் மீன் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். அவள் என்னிடம் பேசி இன்றைக்கு முப்பது நாள்.

ஜூன் 18, புதன்

ரப்பர் வெட்டுகிற சதானந்தன் அண்ணன் கைலியை முட்டிக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு பாட்டும் பாடிக்கொண்டு வந்தார். ரோபோ எதிரே வந்து "வணக்கம்" என்றது. சட்டென்று மடிப்பை அவிழ்த்துக் கைலியைக் கீழே இறக்கிவிட்டார். பஞ்சாயத்துத் தலைவருக்கே இறக்காத ஆள்!

"என்ன அண்ணே, இரும்புக்கா மரியாதை?" என்று கேட்டேன்.

"பேச்சைக் கேட்டியா? எட்டாம் கிளாஸ்ல எனக்குக் கணக்கு எடுத்த சாருக்க அதே பேச்சு. கை தானா எறங்கிப்போச்சு."

சாயங்காலத்துக்குள் பதினேழு பேர் இறக்கினார்கள். நான் எண்ணினேன். அதன் பெயரும் சார் என்றே ஆகிவிட்டது.

ஜூன் 20, வெள்ளி

மூன்று நாளாகச் சாரைக் கேலி பண்ணிப் பார்க்கிறேன். பாவாடையைச் சொன்னேன். மொட்டைத் தலையைச் சொன்னேன். நீ போகிற நடைக்கு ஆமை கல்யாணத்துக்குப் போய்ப் பேரப்பிள்ளையோடு திரும்பிவிடும் என்றேன். எல்லாவற்றுக்கும் "மகிழ்ச்சி. வேறு ஏதாவது வேண்டுமா?"

கேலி பண்ணினால் எதிராளியின் முகம் மாற வேண்டும். சிவக்க வேண்டும், இல்லை திருப்பிக் கடிக்க வேண்டும். முகம் மாறாத ஆளிடம் கேலி என்றால் பாறையில் கிழங்கு நடுகிற வேலைதான்.

மரியம்மாவுக்கும் அன்றைக்கு முகம் மாறவில்லை. அதனால்தான் ஒன்றுமில்லை என்று நினைத்தேன். அன்றைக்கு அவள் மகள் எப்சிக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் அம்பூரியிலிருந்து வந்திருந்தார்கள். மரியம்மா தலைக்குக் கறுப்படித்து, மெரூன் சேலை உடுத்தி வந்தாள். நான் நிறைந்த பந்தலில், "எட்டி, இதுல எவளுக்காக்கும் நிச்சயம்?" என்று கேட்டேன். பந்தல் குலுங்கியது. அவள் அப்படியே நின்றாள். பிறகு பாயசம்கூட அவள்தான் விளம்பினாள். மறுநாளிலிருந்து பேச்சு இல்லை.

பத்தொன்பது வருடம் ஒரே அடுக்களையில் நின்றவள், இதற்குப் போய் கோபப்படுவாளா?

ஜூன் 24, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் படுக்க முடியாது.

அவள் மீன் அடுப்பு, நான் கிழங்கு அடுப்பு. பேசாமல் வேலை நடக்காது. இதுவரைக்கும் ஜெயச்சந்திரன் அண்ணன்தான் நடுவில் நின்று அங்கே கேட்டு இங்கே சொன்னார். திரும்பித் திரும்பிக் கழுத்து பிடித்துக்கொண்டது. இன்றைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு கல்லாவிலேயே உட்கார்ந்துவிட்டார். மரியம்மா பார்த்தாள். சார் தட்டோடு நின்றிருந்தது.

"பிள்ளே, அந்த அடுப்புக்காரிட்ட செல்லு. கெழங்குல உப்பு கூடிப்போச்சு."

சார் நாலடி உருண்டு என் முன்னால் வந்தது. "அடுப்பு ஒன்று கவனிக்கவும். கிழங்கில் உப்பு கூடிப்போச்சு. எண்ணிக்கை, ஒன்று. உறுதி செய்யவா?"

நானும் விடவில்லை. "உறுதி செய்யி. கூடுன உப்ப மீன்கறிக்கு எடுத்துக்கிடச் செல்லு. அதுல எப்பவும் கொறவாக்கும்."

அது திரும்பிப் போய் அவளிடம் முழுதும் ஒப்பித்துவிட்டு, "எண்ணிக்கை, ஒன்று. பார்சலா, இங்கேயேவா?" என்றது.

"இங்கேயேதான்" என்றாள் மரியம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.

சஜினுக்குப் போன் போட்டார்கள். முழு வாக்கியமாகச் சொன்னால் சார் அதைக் குறிப்பு என்று எடுத்துக்கொண்டு சேர்க்குமாம். ஒற்றைச் சொல்லாகச் சொன்னால் சாப்பாட்டுப் பட்டியலில் தேடுமாம். கோளாறு ஒன்றும் இல்லையாம்.

ஜூன் 25, புதன்

சார் வழியாக நாற்பத்தொரு தடவை பேசினோம். பேசினோம் என்று சொல்லலாமா? தெரியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. சதானந்தன் அண்ணனும் அவருடைய கூடப்பிறந்த மூத்தவரும் பலா மரத்துத் தகராறில் ஆறு வருடமாகப் பேச்சில்லை. இன்றைக்கு இவர் மூன்றாம் மேசையிலும் அவர் ஐந்தாம் மேசையிலும் முதுகு காட்டி உட்கார்ந்தார்கள்.

சார் ஐந்தாம் மேசைக்குப் போய் நின்றது. "உனக்க பிலாக் கொம்பு எனக்க ஓட்டை ஒடச்சுப்போட்டு. எண்ணிக்கை, ஒன்று. காரம் கூட்டவா?"

"கூட்டு" என்றார் மூத்தவர். "ஓடு ஒடஞ்சா மாத்து. பிலா அப்பன் நட்டதாக்கும்."

மூன்றாம் மேசைக்கு வந்தது. "பிலா அப்பன் நட்டது. சட்னி தேவையா?"

வெள்ளறடையிலிருந்து மாமியாரும் மருமகளும் ஒரே ஆட்டோவில் வந்திறங்கினார்கள். ஆட்டோக்காரர் சொன்னார், வழியெல்லாம் ஒரு வார்த்தை இல்லையாம். இங்கே வந்து சார் வழியாக ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டுவிட்டு, அப்பம் பார்சல் வாங்கிக்கொண்டு, அதே ஆட்டோவில் ஊமையாகத் திரும்பினார்கள்.

ஜெயச்சந்திரன் அண்ணன் சந்தோஷத்தில் சாருக்கு நெற்றியில் சந்தனம் வைத்தார். மரியம்மா அதைத் துடைத்துவிட்டாள். "பிள்ளை எந்தச் சபைன்னு யாரு கண்டா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் சிரித்தேன். என்னைப் பார்க்காமல் அவளும் சிரித்த மாதிரி இருந்தது. இல்லை, புகையோ.

ஜூலை 18, வெள்ளி

காலையில் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டேன். பின்வாசல் பக்கம் கால் கழுவும்போது உள்ளே பேச்சுக் குரல். மரியம்மா மத்தி ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் சார், வயர் குத்தி சார்ஜில் நின்றது. அதனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"அவரு போயி பதினாலு வருசம் பிள்ளே. கண்ணாடி பாத்ததே கிடையாது. எப்சிதான் அழுதா, அம்மா எனக்க நிச்சயத்துக்காவது மனுசி மாதிரி நில்லும்மான்னு. அவதான் அடிச்சு விட்டா. அந்த ஓமனா செல்லப்போயி, பந்தலே எனக்க தலையப் பாத்துச் சிரிச்சு. சம்பந்தியம்மா அத வச்சுக்கிட்டாவ. கெட்டுனவன் செத்தவளுக்கு என்னத்துக்கு இந்தக் கறுப்புன்னு எப்சிட்ட போன்ல கேட்டிருக்காவ. கல்யாணத்தன்னைக்குப் பின்னால நின்னா போதுமாம் நான். பெத்தவ பின்னால நிக்கணுமாம்."

"குறிப்பு நீளமாக உள்ளது" என்றது சார். "சுருக்கமாகச் சொல்லவும்."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, முதலிலிருந்து மறுபடியும் சொன்னாள். கொஞ்சம் சுருக்கித்தான்.

"எந்த மேசைக்கு?" என்று கேட்டது.

"ஒரு மேசைக்கும் இல்ல. நீயே வச்சுக்க. நீ சிரிக்க மாட்டியே."

நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் காட்டாமல் சாலைக்குப் போய், அடுத்த பஸ் வரும்வரை நின்றுவிட்டு, அதில் வந்தவள் மாதிரி உள்ளே போனேன்.

அவளுக்கு முகம் மாறவில்லை என்று எழுதினேனே, ஜூன் இருபதாம் தேதி. எனக்க கண்ணு எங்க போச்சு?

ஜூலை 21, திங்கள்

மன்னிப்புக் கேட்பது என்று முடிவு பண்ணினேன். நேரே கேட்க வாய் வராது. சார் வழியாகத்தான்.

மதியம், கடை நிறைய ஆள். சாரைக் கூப்பிட்டு நிறுத்தினேன். இரவெல்லாம் யோசித்த பேச்சு முழுதும் மறந்துபோய், "மன்னிப்பு" என்ற ஒரு சொல்தான் வந்தது.

"மன்னிப்பு தற்போது இல்லை" என்றது சார், சத்தமாக. "அப்பம் உள்ளது."

கடையே உருண்டு புரண்டு சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் பாழாய்ப்போன சிரிப்பு! அடக்கினேன், மூக்கு வழியாக வந்தது. மரியம்மா கரண்டியை வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள். அவள் கேட்டது நான் சொன்னதை இல்லை, நான் சிரித்ததை.

சவத்த. எனக்க வாய அடுப்புல வைக்கணும்.

ஜூலை 22

சார் வழியாகவும் பேச்சு நின்றுவிட்டது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கல்யாணம் இருபத்தெட்டாம் தேதி. மரியம்மாவும் எப்சியும் வீடு வீடாக ஏறி விளிக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு விளிப்பது என்றால் வீட்டு வாசலில் நின்று வாயால் அழைக்க வேண்டும். அடுத்த ஊரில் இருந்தாலும் போனில் சொன்னால் யாரும் வரமாட்டார்கள். என் வீட்டுக்கு வலதுபக்கத்து வீட்டில் விளித்தார்கள். இடதுபக்கத்து வீட்டிலும் விளித்தார்கள். நடுவில் என் வாசலைத் தாண்டும்போது குடையைச் சாய்த்துக்கொண்டு போனாள். மழை இல்லை.

எப்சிக்கு முதல் சோறு ஊட்டியது நான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நிறைய எழுத வேண்டும்.

பத்து மணிக்குச் சார் என் அடுப்புக்கு முன்னால் வந்து நின்றது. தட்டில் ஒரு கல்யாணக் கடுதாசு. மேலே மரியம்மாவின் கோணல் எழுத்தில் 'ஓமனா, குடும்பம்'.

"அடுப்பு ஒன்று கவனிக்கவும். கல்யாணத்துக்கு வரணும். எண்ணிக்கை, ஒன்று. தயவுசெய்து தட்டிலிருந்து எடுத்துக்கொள்ளவும்."

எனக்குக் கோபம் உள்ளங்காலிலிருந்து ஏறியது. பத்தொன்பது வருடப் பழக்கத்துக்கு, எச்சில் பாத்திரம் சுமக்கிற தட்டில் விளியா? எடுக்க மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டேன். மரியம்மா அந்தப் பக்கம் கரண்டியால் சட்டியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

தட்டு காலியாகாமல் சார் நகராது. நின்ற இடமோ அடுக்களை வாசல். அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை, "தயவுசெய்து எடுத்துக்கொள்ளவும்." பதினோரு மணி ஆனது. உள்ளே இருக்கிற கிழங்கு வெளியே போகவில்லை. வெளியே இருக்கிற ஆட்கள் உள்ளே எட்டிப் பார்க்க வந்து கூடிவிட்டார்கள்.

"அண்ணே, அத எடுத்து அங்கன வையும்" என்றேன் முதலாளியிடம்.

அவர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "விளிக் கடுதாசாக்கும். உனக்குள்ளத நான் எடுத்தா விளி எனக்கு ஆயிப்போவும். எனக்கு ஏற்கெனவே ஒண்ணு உண்டு."

சஜின் போனில், முதுகில் ஒரு சுவிட்ச் இருக்கிறது, அணைத்துவிடுங்கள் என்றான். சதானந்தன் அண்ணன் குறுக்கே பாய்ந்தார். "நல்ல காரியம்! விளி செல்ல வந்த ஆளை அடிச்சுக் கெடத்துததா? கல்யாண வீட்டுக்கு ஆகுமா?"

யாரும் தொடவில்லை. பன்னிரண்டு மணிக்கு யாரோ சாருக்குப் பின்னால் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள், உட்காரட்டும் என்று. சதானந்தன் அண்ணன் பேப்பரால் விசிறினார். "பாவம், எவ்வளவு நேரமா கையை நீட்டிக்கிட்டு நிக்கி" என்றார். இரண்டாம் மேசைக்காரர் என்னைப் பார்த்து, "மனசுல இரக்கமே கெடையாதா உமக்கு?" என்று கேட்டார். அவருடைய மனைவி கண்ணைத் துடைத்தாள். சத்தியமாக.

நான் அசையவில்லை. எனக்கும் உள்ளே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அந்தக் கை கொஞ்சம் நடுங்கின மாதிரித் தெரிந்தது.

ஒரு மணிக்குச் சாரின் குரல் மெலிந்துவிட்டது. சார்ஜ் குறைகிறது போல. "தயவுசெய்து... எடுத்துக்..."

மரியம்மா கரண்டியை வீசிவிட்டு வந்தாள். "எடுத்துத் தொலையேண்டி ஓமனா! அதுக்குக் கை வலிக்காதா?"

எண்பத்தாறு நாள் கழித்து, நேரே, என் முகத்தைப் பார்த்து.

"அதுக்கு ஏதுடி வலி? இரும்புல்லா?" என்றேன்.

"உனக்கு எல்லாரும் இரும்பாக்கும்."

அவள் இன்னும் கிட்ட வந்தாள்.

"முகத்தப் பாத்து இவளுக்கு வலிக்கலன்னு நீயா நெனச்சுக்கிடுவ" என்றாள். "நான் அழுதாத்தான் உனக்கு வெளங்குமா? எனக்க மொவளுக்க மாமியா முன்னால நான் அழணுமா?"

எனக்கு வாயில் நாலு பதில் வந்தது. நாலும் நல்ல தமாசு. ஒன்றைச் சொன்னால் கடை சிரிக்கும், நான் தப்பித்துவிடலாம். சொல்லவில்லை.

"தப்புதான்டி" என்றேன். "நீ அன்னைக்கு நல்லாத்தான் இருந்த. அதச் செல்லத் தெரியாமத்தான் அப்படிச் சென்னேன்."

அவள் உதடு கோணிக்கொண்டு போனது. நான் கையை நீட்டிக் கடுதாசை எடுத்தேன்.

"நன்றி" என்றது சார். "மீண்டும் வருக." அப்படியே தலை கவிழ்ந்துவிட்டது. ஓடிப்போய் வயர் குத்தினார்கள்.

மரியம்மா என் கையிலிருந்த கடுதாசைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "இது செல்லாது. நாளைக்கு வீட்டுக்கு வந்து விளிப்பேன்."

ஆகஸ்ட் 13, புதன்

வந்தாள். முன்னேபின்னே என் வீட்டைப் பார்க்காதவள் மாதிரி வாசலில் நின்று, "எனக்க மொவளுக்குக் கல்யாணம், குடும்பத்தோட வந்து நடத்தித் தரணும்" என்றாள். எப்சி பக்கத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

'பார்சலா, இங்கேயேவா' என்று தொண்டைவரை வந்தது. விழுங்கினேன். இரவு வரைக்கும் நெஞ்சைக் கரித்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அம்பூரிக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை.

சம்பந்தியம்மா என்னைக் கண்டதுமே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "வாருங்க, நிச்சயத்தன்னைக்கு தமாசு சென்ன ஆளுல்லா!" உள்ளே இருந்த ஆட்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டாள். பலாச்சுளை வந்தது. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

"தலைக்கு அடிச்சு விட்டது எப்சியாக்கும்" என்றேன். சிரித்தார்கள். "அவ வேண்டாம்னுதான் சென்னா." அதற்கும் சிரித்தார்கள். "சபையில கேலி பேசுனது நான். வெக்கப்படணும்னா நான் படணும். மொவளுக்க கல்யாணத்துல அவ முன்னால நிக்கணும்." இனிமேல்தான் தமாசு வரப்போகிறது என்று காத்திருந்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு முகமாகச் சிரிப்பு இறங்கியது. வாழ்நாளில் இவ்வளவு நேரம் நான் சும்மா இருந்தது இல்லை.

சம்பந்தியம்மா கடைசியில், "சாயா எடுக்கட்டா?" என்றாள். என்ன நினைத்தாளோ.

ஆகஸ்ட் 28, வியாழன்

கல்யாணம் முடிந்தது. சர்ச்சில் மரியம்மா கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்திருந்தாள். சம்பந்தியம்மா நடுவழியாக நடந்து வந்து, அவள் கையைப் பிடித்து, முன்னால் கூட்டிக்கொண்டு போய்த் தன் பக்கத்தில் நிறுத்தினாள். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனாலும் பிடித்த கையை விடவில்லை.

சாரையும் ஆட்டோவில் ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். முதல் பந்தியில் அதற்கு இலை போட்டுப் பருப்பு விளம்பினார் சதானந்தன் அண்ணன். போட்ட இலையைச் சாப்பிடாமல் மடிக்கிறது எப்படி என்று பெரிய தகராறு. கடைசியில் அவருடைய மூத்தவர் சாருக்குப் பதிலாக உட்கார்ந்து சாப்பிட்டார். தம்பி விளம்ப, அண்ணன் தின்றார். பேச்சு இல்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

வாடகைக் காலம் முடிந்து சஜின் சாரைக் கொண்டுபோனான். இனி ஏதோ ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்குமாம். வண்டி நகரும்போது சாலையில் நின்ற ஆண்கள் அத்தனை பேரும் மடித்துக் கட்டியதை இறக்கினார்கள். நான் சிரிக்கவில்லை என்று எழுதினால் பொய். மரியம்மாவும் சிரித்தாள். இரண்டு பேரும் ஒரே தூணைப் பிடித்துக்கொண்டுதான்.

செப்டம்பர் 23, செவ்வாய்

மரியம்மாவோடு சண்டை. கிழங்கு குழைந்துபோனது என்றாள். மீன் வேகவில்லை என்றேன். மதியம் தொடங்கினது, பாத்திரம் கழுவும்வரை நடந்தது. ஜெயச்சந்திரன் அண்ணன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே சீட்டில் உட்கார்ந்து, வழியெல்லாம் சண்டை போட்டோம். அவள் ஸ்டாப் வந்தது, இறங்கினாள். நாலடி போனவள் திரும்பி வந்து, என் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, விட்டுப்போன இரண்டு வசவையும் சொன்னாள். கண்டக்டர் பெல் அடிக்கவில்லை. அவள் முடிக்கும்வரை பஸ் நின்றது.